ஃபிலிஸ் டீட்ரிக்சனை நமக்குக் காட்டுவது யார்? நுவார் படங்களின் 'அழிக்கும் அழகி' பற்றி ஒரு விவாதம்

நிழல்வெளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்கதையும் இங்கே பேசப்படும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

நுவார் என்றால் 1940-களின் இருண்ட அமெரிக்கக் குற்றப்படங்கள். அவற்றில் ஃபெம் ஃபேட்டல், அதாவது ஆணை மயக்கிக் குற்றத்துக்குள் இழுத்து அவனை அழித்துவிடும் பெண் என்று பேச்சு வந்தாலே ஃபிலிஸ் டீட்ரிக்சன் பெயர்தான் முதலில் வரும். பில்லி வைல்டர் இயக்கி 1944-இல் வெளிவந்த 'டபுள் இண்டெம்னிட்டி'யில் பார்பரா ஸ்டான்விக் நடித்த பாத்திரம். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வால்டர் நெஃப் (ஃப்ரெட் மெக்மரே) கார் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்ல ஒரு வீட்டுக்குப் போகிறான். மாடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் நிற்கிறாள். உடை மாற்றிக்கொண்டு இறங்கி வரும்போது கேமரா அவள் முகத்தை விட்டுவிட்டுக் கணுக்காலைப் பிடிக்கிறது. அங்கே ஒரு மெல்லிய சங்கிலி, அதில் அவள் பெயர் பொறித்திருக்கிறது.

அந்தக் கணுக்காலைப் பார்ப்பது யார்? நெஃப். படம் முழுக்க அவன் கொடுக்கும் வாக்குமூலம்தானே. தோளில் குண்டுக் காயத்தோடு ராத்திரியில் ஆபீஸுக்கு வந்து, டிக்டபோன் என்ற குரல் பதிவுக் கருவி முன்னால் உட்கார்ந்து, கம்பெனியில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராயும் நண்பன் கீஸுக்குச் சொல்கிறான். அவன் நினைவில் தங்கியதைத்தான் நாம் பார்க்கிறோம்.

இன்னொன்று. அவள் கணவனைக் கொன்று இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவதுதான் குற்றம். அதற்கு அவளா அவனை இழுத்தாள்? பல வருடம் சூதாட்டச் சக்கரத்துக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளர் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு, ஒருநாள் நாமே இந்தக் கடையை ஏமாற்றினால் என்ன என்று தோன்றும், அப்படித்தான் எனக்கும் தோன்றியது என்று நெஃப் தன் வாயாலேயே சொல்கிறான். திட்டம் அவனிடம் தயாராக இருக்கிறது, ஓர் ஆள்தான் தேவை. அந்த நேரம் பார்த்து அவள் அவன் வீட்டு மணியை அடிக்கிறாள். ரயில் விபத்தில் செத்ததாகக் காட்டினால் பாலிசித் தொகை 50,000 டாலர் இரட்டிப்பாகி ஒரு லட்சமாகும் என்ற யோசனையும் அவனுடையதே. இத்தனைக்கும் பிறகு 'அழித்தவள்' பட்டம் அவளுக்கு மட்டும் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

சுரேஷ் ராஜபாளையம்

நண்பரே, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஃபிலிஸ் கணவனின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள் லோலாவை மறந்துவிட்டீர்கள். அவளுடைய அம்மா நிமோனியாவில் படுத்திருக்கிறாள், நர்ஸாக வந்தவள் ஃபிலிஸ். ஒரு ராத்திரி லோலா எழுந்துபோய்ப் பார்த்தால் போர்வை தரையில் கிடக்கிறது, ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. இரண்டே நாளில் அம்மா இல்லை. ஆறு மாதத்தில் அந்த நர்ஸ் சித்தியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறாள். அப்புறம், அப்பா சாவதற்கு முன்பே கறுப்புத் தொப்பியும் முகத்திரையும் வைத்துக் கண்ணாடியில் அழகு பார்க்கிறாள். நெஃப்பைச் சந்திப்பதற்கு முன்பே அவள் கொலைகாரி.

நெஃப் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் யோசனையில் இருந்தவன், இவள் ஏற்கெனவே செய்து முடித்தவள். பாவம் என்று பார்க்கத் தொடங்கினால் இந்தப் பாத்திரத்தின் பலமே போய்விடும். ஸ்டான்விக் அவளை யாருடைய இரக்கத்தையும் கேட்காதவளாகத்தான் நடித்திருக்கிறார்.

காவேரி

சுரேஷ் சொல்கிற அந்தக் கடைசி வரி எனக்கு முழுச் சம்மதம். இரக்கம் வேண்டாம். ஆனால் இந்த மாதிரிப் பெண்கள் 1940-களின் அமெரிக்கப் படங்களில் ஏன் இத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1978-இல் ஈ. ஆன் கப்லான் தொகுத்த கட்டுரை நூலிலிருந்து பெண்ணிய விமர்சகர்கள் பலரும் சொல்லிவரும் காரணம் ஒன்று உண்டு. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். அமெரிக்கத் தொழிலாளரில் பெண்களின் பங்கு 1940-இல் 27 சதவீதமாக இருந்தது, 1945-இல் ஏறக்குறைய 37. திரும்பி வந்த ஆண்களுக்குத் தன் காலில் நிற்கும் பெண்ணைப் பார்த்து ஏற்பட்ட பயம்தான் திரையில் கொலைகாரியாக வந்தது என்பார்கள்.

இதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் படங்களின் நாயகிகளில் தொழிற்சாலைக்குப் போனவள் யார்? ஃபிலிஸ் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருப்பவள். 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' (1947) கேத்தி ஒரு சூதாட்டக்காரனின் காசில் வாழ்ந்து, அவனைச் சுட்டுவிட்டு, 40,000 டாலரோடு ஓடியதாகக் கதை. 'தி லேடி ஃப்ரம் ஷாங்காய்' (1947) எல்சா பணக்கார வக்கீலின் மனைவி. பலருக்குச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. பணம் முழுக்க ஓர் ஆணின் பெயரில் இருக்கிறது, அவன் செத்தால்தான் அவள் கைக்கு வரும். இன்ஷூரன்ஸ் என்பது அந்தச் சாவுக்கு விலை எழுதிய காகிதம். தன் காலில் நின்ற பெண்ணைவிட, நிற்க வழியில்லாத பெண்ணின் கதை என்றுதான் எனக்குப் படுகிறது. விதிவிலக்கு 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' (1946) கோரா. அவள் கணவனின் சாலையோரச் சாப்பாட்டுக்கடையில் உழைக்கிறவள், அதைப் பெரிதாக்க ஆசைப்படுகிறவள். அங்கேயும் கடை கணவன் பெயரில்தான்.

பழையபுத்தகம்

காவேரி அம்மா, போர்க் கோட்பாட்டுக்கு இன்னொரு இடைஞ்சல் தேதியில் இருக்கிறது. ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய மூலக்கதை 1936-இல் 'லிபர்ட்டி' பத்திரிகையில் தொடராக வந்தது. போர் தொடங்க இன்னும் மூன்று வருடம் இருந்தது. கெய்ன் பத்திரிகைக்காரர். அவருக்கு விதை கொடுத்தது அதற்கும் முந்தைய உண்மைச் சம்பவம்.

1927 மார்ச்சில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் ஜட் கிரே என்ற அவளுடைய காதலனும் சேர்ந்து அவள் கணவன் ஆல்பர்ட்டைக் கொன்றார்கள். கிரே பெண்களின் உள்ளாடை விற்கும் பிரதிநிதி. கணவனுக்குத் தெரியாமலேயே விபத்துக்கு இரட்டிப்புத் தொகை தரும் பாலிசியை ரூத் எடுத்து வைத்திருந்தாள். கொள்ளை நடந்த மாதிரி வீட்டைக் கலைத்துப் போட்டார்கள், போலீஸ் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. மாட்டிக்கொண்டதும் ஆளுக்கு ஆள் பழி போட்டார்கள். 1928 ஜனவரி 12 அன்று சிங் சிங் சிறையில் இருவரையும் மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாம் ஹோவர்ட் என்ற புகைப்படக்காரர் கணுக்காலில் சிறு கேமராவைக் கட்டி மறைத்துக்கொண்டு போய் ரூத்தின் கடைசிக் கணத்தைப் படம் பிடித்தார். மறுநாள் 'டெய்லி நியூஸ்' அதை முதல் பக்கத்தில் போட்டது. இரண்டு பேர் செத்தார்கள், ஊர் பார்த்தது அவளுடைய படத்தை.

நிழல்வெளி கேட்ட கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. ஆணின் பங்கு சிறுத்துப்போய் அவள் முகம் மட்டும் பெரிதாவது சினிமாவுக்கு முன்பே பத்திரிகையில் நடந்துவிட்டது.

இன்னொரு விஷயம், தணிக்கை. கெய்னின் கதை கையெழுத்துப் பிரதியாக ஸ்டூடியோக்களைச் சுற்றிவந்த 1935-இலேயே, ஹாலிவுட் படங்களைத் தணிக்கை செய்த ஜோசப் பிரீன் அலுவலகம் இதைப் படமாக்கக் கூடாது என்று கடிதம் எழுதிவிட்டது. தயாரிப்பு விதிப்படி குற்றவாளி தப்பக் கூடாது. கெய்னின் கதையில் இருவரும் கப்பலில் போகிறார்கள், சேர்ந்து கடலில் குதித்துச் சாக முடிவெடுக்கிறார்கள், பின்னால் சுறா வருகிறது. வைல்டரும் திரைக்கதையில் கூட இருந்த ரேமண்ட் சாண்ட்லரும் அதை மாற்றினார்கள். ஆக ஃபிலிஸ் சாவது தலைவிதியால் என்று நாம் பேசுவதில் பாதி, 1934 முதல் கண்டிப்பாக அமலான ஒரு விதிமுறைப் புத்தகத்தால்.

சுரேஷ் ராஜபாளையம்

ஐயா சொன்ன அதே கெய்ன் கதையில் ஃபிலிஸ் குழந்தைகளையும் கொன்றவள். சாவின் மேல் பித்துப் பிடித்தவள். படத்தில் அதைக் குறைத்திருக்கிறார்கள். அதையும் கணக்கில் எடுங்கள்.

லென்ஸ் கார்த்தி

நான் ஒளிப்பதிவு படிக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஜான் எஃப். சைட்ஸ் ஒளிப்பதிவு. டீட்ரிக்சன் வீட்டுக் கூடத்தில் வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஜன்னல் தட்டிகள் வழியாகக் கோடு கோடாக வெளிச்சம் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் தூசி மிதப்பது தெரிய அலுமினியத் துகளைக் காற்றில் ஊதினார்களாம். அந்தக் கோடுகள் அவள் மேல் மட்டும் விழவில்லை, நெஃப்பின் சூட்டிலும் விழுகின்றன. சிறைக்கம்பி இருவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941) கடைசியில் கொலைகாரியாக நடித்த மேரி ஆஸ்டர் லிஃப்டுக்குள் நிற்க, கம்பிக் கதவு இழுத்து மூடி, நிழல் அவர் முகத்தில் விழும். அங்கே கம்பி அவளுக்கு மட்டும்.

ஸ்டான்விக்கின் அந்தப் பொன்னிற விக் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள். பாரமவுண்ட் அதிகாரி ஒருவர், ஸ்டான்விக்குக்குக் காசு கொடுத்தோம், வந்திருப்பது ஜார்ஜ் வாஷிங்டன் என்றாராம். எனக்கு அந்த விக் மிகச் சரியாகப் படுகிறது. விலை குறைந்த பளபளப்பு, பார்த்ததுமே பொய் என்று தெரிகிறது, நெஃப்புக்கும் தெரிகிறது. தெரிந்தேதான் போகிறான்.

கொலைக் காட்சியை மறுபடி பாருங்கள். பின்சீட்டுக்குக் கீழே நெஃப் பதுங்கியிருக்கிறான், பக்கத்து சீட்டில் காலில் கட்டுப் போட்ட கணவன். அவள் காரை இருட்டான தெருவில் திருப்பி மூன்று முறை ஹாரன் அடிக்கிறாள். அவ்வளவுதான் அடையாளம். அப்புறம் கழுத்து நெரிவதைக் காட்டவே இல்லை. அவள் முகம் மட்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிறாள். அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை, கண்ணில் ஏதோ ஒன்று மெதுவாக நிறைகிறது. அது திருப்தி என்பார் ஒருவர், விடுதலை என்பார் இன்னொருவர். நடிப்புப் பாடத்துக்கு அந்த ஒரு ஷாட் போதும்.

நிழல்வெளி

கார்த்தி, அந்த ஷாட்டை எடுத்துச் சொன்னதற்கு மிக்க நன்றி. நான் சொல்ல வருவதற்கு அது ஆதாரம். பின்சீட்டில் இருக்கும் நெஃப்புக்கு அவள் முகம் அந்த நேரத்தில் எப்படித் தெரியும்? அவன் கை வேறு வேலையில் இருக்கிறது. அவன் கதையில் இல்லாத ஒன்றைக் கேமரா நமக்குக் காட்டுகிறது.

கடைசியில் இன்னொரு இடம் வருகிறது. அவளைக் கொன்றுவிட்டுத் தப்பலாம் என்று நெஃப் திட்டமிடுகிறான், அவளுக்கும் ஒரு திட்டம் இருந்தது எனக்குத் தெரியவில்லை என்கிறது அவன் குரல். அதற்குப் பிறகு குரல் நின்றுவிடுகிறது. ஃபிலிஸ் தனியாக இறங்கி வருகிறாள். கதவின் பூட்டைத் திறந்து வைக்கிறாள், விளக்குகளை அணைக்கிறாள், நாற்காலி மெத்தைக்கு அடியில் துப்பாக்கியைச் செருகிவிட்டு உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறாள். நெஃப் இன்னும் வரவே இல்லை. படத்தில் அவள் ஒருத்தியாக, யாருக்காகவும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்கும் இடம் இது. அங்கே அவள் மயக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அலுத்துப்போன ஒருத்தி வீட்டை ஒழுங்கு செய்கிற மாதிரி வேலை பார்க்கிறாள்.

சுரேஷ், அவள் கொலைகாரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மயக்குகிறவள் என்ற வர்ணனை மட்டும் நெஃப் இருக்கும் இடத்தில்தான் பொருந்துகிறது, அவன் இல்லாத இடத்தில் அவள் வேறு ஒருத்தி.

மீனா செல்வம்

ஆண் குரல் கதை சொல்வதால் பெண் எப்படி மாறுகிறாள் என்பதற்கு 'கில்டா'வை (1946) விட நல்ல உதாரணம் கிடையாது. ரீட்டா ஹேவொர்த். கதை நடப்பது பியூனஸ் ஐரஸ் சூதாட்ட விடுதியில், சொல்வது ஜானி ஃபாரெல். பழைய காதலி முதலாளியின் மனைவியாக வந்து நிற்கிறாள். அவள் ஊரில் எல்லோரோடும் போகிறாள் என்று ஜானி நம்புகிறான், நம்மையும் நம்ப வைக்கிறான். முதலாளி செத்துவிட்டான் என்று ஆனதும் அவளைக் கட்டிக்கொண்டு, தண்டிப்பதற்காகவே தனியாக அடைத்து வைக்கிறான். கடைசியில் போலீஸ் அதிகாரி வந்து, அவள் அப்படி எதையும் செய்யவில்லை, எல்லாம் உன்னைச் சீண்டப் போட்ட வேஷம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தின் புகழ்பெற்ற பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? சிகாகோ பற்றி எரிந்ததற்கும், நியூயார்க்கின் பனிப்புயலுக்கும், சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்துக்கும் காரணம் மேம் என்ற ஒரு பெண்தான், பழியை அவள் மேல் போடுங்கள் என்று போகிறது பாட்டு. அதை அவள் இரண்டு தடவை பாடுகிறாள். முதல் தடவை விடிகிற நேரத்தில், காலியான விடுதியில், கழிவறைப் பணியாளரான கிழவர் ஒருவர் கேட்க, கிதாரோடு மெதுவாக. இரண்டாவது தடவை கறுப்பு சாட்டின் உடையில், கையுறையைக் கழற்றி வீசிக்கொண்டு, கூட்டத்தின் முன்னால். நமக்குப் போஸ்டரில் கிடைத்தது இரண்டாவது மட்டும். இந்தப் படத்தைத் தயாரித்தவர் விர்ஜினியா வான் அப் என்ற பெண் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே 1946 ஜூலையில் பிகினி தீவில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுக்கு 'கில்டா' என்று பெயர் வைத்து, ஹேவொர்த்தின் படத்தை அதன் மேல் ஒட்டினார்கள். அவருக்கு அதில் கடும் கோபம். ஒரு தப்பும் செய்யாத பாத்திரம், அதை நடித்த பெண், இருவர் தலையிலும் பேரழிவின் பெயர்.

தேனி வாசகன்

நம் 'அந்த நாள்' (1954) பற்றி யாராவது பேசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். எஸ். பாலசந்தர், பாட்டே இல்லாத படம், நுவார் ஒளியமைப்பு. அங்கேயும் சுட்டது மனைவிதான். ஆனால் பண்டரிபாய் பாத்திரத்தில் மயக்கம் என்ற பேச்சே இல்லை, அவளுக்கு இருப்பது நாட்டுப்பற்றும் கணவனின் தேசத்துரோகமும்.

காவேரி

அருமையான படம் தேனி. கொலை செய்த பெண்ணைப் படம் மதிப்போடு நடத்துகிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

மீனா சொன்னதன் தொடர்ச்சியாக இரண்டு விஷயம். வேரா காஸ்பரி எழுதிய 'லாரா' நாவலில் ஒரு பகுதியை லாராவே சொல்கிறாள். 1944 படத்தில் அது போய்விட்டது, தொடக்கத்தில் நாம் கேட்பது பத்திரிகை எழுத்தாளன் வால்டோவின் குரல். பெண் எழுதிய கதையில் பெண்ணுக்கு இருந்த வாய், திரைக்கு வரும்போது அடைபட்டது.

சரி, நுவாரில் பெண் கதை சொன்னதே இல்லையா என்றால், 'மில்ட்ரெட் பியர்ஸ்' (1945) இருக்கிறது. ஜோன் கிராஃபோர்ட் ஆஸ்கர் வாங்கிய படம், இதுவும் கெய்ன் நாவல்தான். ஆனால் அவள் எங்கே உட்கார்ந்து சொல்கிறாள்? ஒரு கொலை விசாரணைக்காகப் போலீஸ் ஸ்டேஷனில், அதிகாரியின் மேஜைக்கு எதிரே. நாவலில் கொலையே கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. நெஃப் தன் ஆபீஸில், தன் நாற்காலியில், தானாக, நண்பனுக்குச் சொல்கிறான். மில்ட்ரெட் விசாரணையில் சொல்கிறாள், முடித்ததும் அதிகாரி அவள் மறைத்ததை எடுத்துப் போடுகிறார். ஆண் சொன்னால் வாக்குமூலம் அப்படியே நிற்கிறது, பெண் சொன்னால் சரிபார்க்க ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

சுரேஷ் ராஜபாளையம்

காவேரி அம்மா, அந்த ஒப்பீடு அருமை. ஆனால் நெஃப்பின் குரல் பெண்ணை அமுக்குகிறது என்றால், அந்த இரண்டாவது குண்டை என்ன செய்வீர்கள்? ஃபிலிஸ் ஒரு முறை சுட்டு அவன் தோளில் காயப்படுத்துகிறாள். அவன் கிட்ட வருகிறான், மறுபடி சுடு என்கிறான். அவளால் முடியவில்லை. உன்னையோ வேறு யாரையுமோ நான் நேசித்ததில்லை, இரண்டாவது தடவை சுட முடியாமல் போன இந்த நிமிஷம் வரை என்கிறாள். அவளுக்கு மனசு இருக்கிறது என்று காட்டும் அந்த வசனத்தையும் நமக்குத் தருவது நெஃப்தானே? வெறுமனே பழி போட நினைத்தவன் அதை விட்டிருப்பான்.

நிழல்வெளி

அருமையான கேள்வி சுரேஷ். அதை விடாமல் சொன்னதால்தான் நெஃப்பை என்னால் வெறுக்க முடியவில்லை. ஆனால் சொன்னவன் நம்பினானா? நம்பவில்லை என்று அவளிடமே சொல்கிறான். நீ நம்ப வேண்டாம், பிடித்துக்கொள் போதும் என்கிறாள். பிடித்துக்கொண்டே சுடுகிறான், இரண்டு முறை. அவள் சுட முடியாமல் விட்ட இரண்டாவது குண்டை அவன் தயங்காமல் சுடுகிறான். எதிராளியை உயிரோடு விட்டது அவள், விடாதது அவன். அழித்தவர் யார் என்று கேட்டால் நான் அந்த எண்ணிக்கையைத்தான் காட்டுவேன்.

அவன் டிக்டபோனை எடுக்கும்போது அவள் ஏற்கெனவே இறந்துவிட்டாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் காட்சியில் கணுக்கால் சங்கிலியை நாம் ரசிப்பது, கொன்றவன் சொல்லக் கேட்டு.

லென்ஸ் கார்த்தி

தணிக்கை போனபிறகு என்ன ஆனது என்று யாரும் பேசவில்லையே. 'பாடி ஹீட்' (1981), லாரன்ஸ் காஸ்டன் இயக்கிய முதல் படம். ஏறக்குறைய அதே கணவன் கொலை, அதே பணம். கதை சொல்லும் குரல் கிடையாது. கேத்லீன் டர்னரின் மேட்டி தப்பிவிடுகிறாள், கடலோரத்தில் படுத்திருக்கிறாள், வக்கீல் நெட் சிறையில் உட்கார்ந்து பள்ளி ஆண்டுமலரைப் புரட்டி அவள் யார் என்றே அப்போதுதான் தெரிந்துகொள்கிறான். நீ அவ்வளவு புத்திசாலி இல்லை, ஆணிடம் எனக்கு அது பிடிக்கும் என்று முதல் சந்திப்பிலேயே முகத்துக்கு நேராகச் சொன்னவள். உயிலில் அவன் முன்பு செய்த பிழையைத் தெரிந்துகொண்டுதான் அவனைத் தேடி வந்திருக்கிறாள். 1944-இல் ஆண் ஓர் ஆளைத் தேடினான், 1981-இல் பெண் தேடுகிறாள்.

மீனா செல்வம்

ஆனால் கார்த்தி, மேட்டி ஜெயிக்கிறாள், நமக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்? ஃபிலிஸுக்குக் கிடைத்த அந்தத் தனிமை நிமிடம் அளவுக்குக்கூட மேட்டி எனக்குப் புரியவில்லை. கடற்கரை ஷாட்டில் அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை.

'கான் கேர்ள்' (2014) ஏமி, கணவன் தன்னைக் கொன்றதாகக் காட்டிவிட்டுக் காணாமல் போகிறவள். அவளிடம்தான் குரல் முழுசாகக் கைமாறுகிறது. கில்லியன் ஃப்ளின்னே திரைக்கதையும் எழுதினார். ஏமி தன் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறாள். டைரியில் சொன்னதில் பெரும்பகுதி பொய், காரை ஓட்டிக்கொண்டு சொல்வதில்தான் உண்மையான கோபம் வருகிறது. நெஃப் டிக்டபோனில் செய்ததை அவள் டைரியில் செய்கிறாள். அங்கே பழி கணவன் மேல்.

சுரேஷ் ராஜபாளையம்

ஃபிலிஸ் விஷயத்தில் நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு நோயாளியைக் கொன்றவளுக்கு நெஃப் ஒரு கருவி. அவனுக்கும் அவள் கருவி என்பதை நிழல்வெளி நன்றாகவே எடுத்து வைத்திருக்கிறார். இருவரில் ஒருவருக்கு மட்டும் தனிப்பெயர் கொடுத்தது விமர்சகர்கள் என்று சொன்னால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

மில்ட்ரெட் பற்றிக் காவேரி அம்மா சொன்னதை இங்கேயே விட மனசில்லை. அந்தப் படத்தில் ஆணை மயக்குவதும் சுடுவதும் மகள் வீடா, பழியை ஏற்க முன்வருவது தாய். வீடாவுக்குத் தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.